எறும்புக்கு அடைத்த துளைகள்

வெளிச்சுவர் பழுதுபார்ப்பவர் நடுவிரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே நகர்கிறார். மறு கையில் சாக்கட்டி. கிண்ணென்று ஒலித்தால் கடந்துவிடுவார். பொத்தென்று ஒலித்தால் ஒரு வட்டம். "இது பூசணிக்கா, உள்ள பிடிப்பு விட்டுருச்சு" என்பார்.

இந்த வரிசை வீடுகளின் வெளிச்சுவரில், குளிரும் வெயிலும் தாக்காதபடி செங்கல்லின் மேல் தெர்மாகோல் பலகை ஒட்டி, வலை விரித்துப் பூசியிருக்கிறார்கள். இடுக்கில் நீர் தங்காமலும் ஓரத்தைக் காற்று பெயர்க்காமலும் பார்ப்பது அவர் வேலை. ஐம்பது வயது, இரண்டு முழங்காலிலும் ரப்பர் உறை. மழை பெய்த மறுநாள்தான் வருவார். "வெயில்ல எல்லாச் செவுரும் நல்ல பிள்ளைதான்." ஏணியில் ஏறுமுன் சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் மனைவியின் தம்பியிடம் கொடுப்பார், மூக்குக் கண்ணாடி உட்பட. ஏறிய பிறகு கண்ணாடியைக் கேட்டுக் கத்துவார்.

"மச்சான், நீ ஏணியப் புடிச்சிருக்கியா, ஏணி உன்னப் புடிச்சிருக்கா?"

"ஒருத்தர ஒருத்தர் நம்பித்தான் நிக்கிறோம் மாமா."

நான் படுக்கை நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குப் போன வாரம் வந்தார். நோயாளியின் கட்டிலை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறிக் கறுப்பாகப் பூஞ்சை. மருந்து மாற்றியும் நெஞ்சு இழுப்பு நிற்கவில்லை. வெளியே குனிந்து சுவரின் அடி விளிம்பைத் தடவியவர் கையை எடுக்கவில்லை. உள்ளே புகுந்த நீர் வடிய அங்கே துளைகள் இருக்க வேண்டும். எல்லாம் பசை வைத்து அடைக்கப்பட்டிருந்தன.

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "காத்து செவுத்தோட மேல் மூடியத் தூக்கி, மழத்தண்ணி உள்ள எறங்கிடுச்சுனு சொல்லிடு மாமா. வெளிய தெரிஞ்சா இந்த வரிசையில யாரு நம்மளக் கூப்பிடுவா?"

அவர் நோயாளியின் மகளைக் கூப்பிட்டார். "போன வருஷம் எறும்பு வருதுன்னு சொன்னீங்க. நான்தான்மா ஓட்டைய அடைச்சேன். அடைச்சிருக்கக் கூடாது."

"அப்போ அப்பாவுக்கு இந்த இழுப்பு?"

"அத டாக்டர்தான் சொல்லணும். ஈரம் என்னாலதான்."

அவள் கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்த என்னை அழைத்தாள். அவர் சாயங்காலம் வரை துளைகளைத் திறந்தார். பழுப்பு நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, யாரும் அழைக்காமலே, மூன்று வீடு தள்ளிச் சுவரடியில் மண்டியிட்டிருந்தார். வீட்டுக்காரர் பல் துலக்கியபடியே வெளியே வந்தார்.

"எங்க வீட்டுல ஒரு தொந்தரவும் இல்லையே?"

"இனிமே வரும்ங்க. இங்கயும் நான்தான் அடைச்சேன்."

குடைந்தெடுத்த பசைக் கட்டியை நிமிராமலே நீட்டி, அந்த மனிதரின் உள்ளங்கையில் வைத்தார்.