இரண்டாம் முறை வந்த அம்மை

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றே, நிறுத்தி வைத்திருந்த அந்த மாத்திரையை மறுபடி விழுங்கினேன். மதியச் சோறு செரிப்பதற்குள் குளிர் நடுக்கம் பிடித்தது. போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தபோதுதான் பளிச்சென்று பட்டது: இது அம்மை இல்லை, மாத்திரை!

எனக்கு லூப்பஸ் (உடலின் காவல் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்). ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கும்போது அது சிறுநீரகம் வரை போய்விட்டது. ஸ்டீராய்டு மட்டும் போதாதென்று அசாதையோபிரின் (அந்தச் சக்தியை அடக்கும் மருந்து) சேர்த்தார்கள். சில வாரங்களில் காய்ச்சல்; முகத்திலும் கழுத்திலும் சீழ்முனை வைத்த கொப்புளங்கள்.

மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "ஆத்தா வந்திருக்கா. மருந்து மாத்திரை ஒன்னும் தொடாத," என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். புது மாத்திரையை நிறுத்தினேன். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், அதை மட்டும் ஒளித்து விழுங்கினேன். காய்ச்சல் விட்டது, கொப்புளம் வாடியது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள்.

மாத்திரையை மறுபடி விழுங்கிய அன்று நடுக்கத்தோடு ரத்த அழுத்தமும் சரிந்து, அப்பா என்னைத் தோட்ட லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

"கிருமித் தொற்றுதான். மாத்திரையை நிறுத்தாதே, கிட்னி போயிடும்," என்றார் டாக்டர்.

"அம்மை ஒருத்தருக்கு எத்தனை தடவை வரும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"நீ டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்ல டாக்டர். ரெண்டு தடவையும் இதைப் போட்ட பிறகுதான் வந்துச்சு. போன தடவை இதை விட்டதும் போயிடுச்சு. ஸ்டீராய்டு நடுவுல நிக்கவே இல்ல, அதனால காரணம் அது இல்ல."

"நிக்கலையா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டார். "ஆத்தா வந்த வீட்டுல மாத்திரை தின்னியாடி?"

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. மிகை ஒவ்வாமை (மருந்தையே பகையாக எண்ணி உடல் பொங்குவது), அபூர்வம், இனி இதில் ஒரு மாத்திரைகூட உயிரை வாங்கலாம் என்றார்.

இதே மருந்தைத் தொடங்கியிருப்பவர்களே, காய்ச்சல், நடுக்கம், வாந்தி, கொப்புளம் வந்தால் வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். தொற்றாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரையை எப்போது தொடங்கினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகத்தால் வந்த கால் வீக்கம் இறங்கவில்லை. இப்போதெல்லாம் எதை விழுங்கினாலும் உடம்பு என்ன பதில் சொல்லும் என்று காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்புதான் என் பொழுது.

சிறுநீரகத்தைக் காக்கப் புதன்கிழமை வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றப் போகிறார்கள். முடி கொட்டும், பிள்ளை பிறக்காமலும் போகலாம். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் இதைச் சொன்னார். சரி என்றேன். முதல் சொட்டு இறங்கும்போதே ஒரு தாதி பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.