ஒரு சாசர் அளவு

துப்பாக்கி எவ்வளவு துல்லியமாகச் சுட வேண்டும் என்று கேட்டால், எங்கள் ஸ்காட்லாந்து மலைக்கு மான் வேட்டைக்கு வருகிறவர்கள் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டுவார்கள். நூறு கஜத்தில் மூன்று குண்டும் இதற்குள் விழும் என்பார்கள். என் மனைவி இஷ்பெல் டீ சாசரைக் காட்டுவாள். மானுக்கு இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் அதைவிடப் பெரியது. சாசருக்குள் விழுந்தால் போதும், ஆனால் ஒவ்வொரு தடவையும் விழ வேண்டும் என்பது அவள் கட்சி.

அவளுடைய பழைய துப்பாக்கியும் சாசர் ஜாதிதான். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மலையேறி, காற்றுக்கு எதிராகத் தவழ்ந்து, மானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. அவள் போன நாளில் அடிபட்ட மான் எதுவும் தப்பி ஓடிப் புதரில் கிடந்து செத்ததில்லை. இதை நான் மதுக்கடையில் சொல்லாத நாள் கிடையாது. அவள் பக்கத்தில் இருந்தால் மேஜைக்கடியில் என் காலை மிதிப்பாள்.

ஒரு அக்டோபரில் அவள் வேலை பார்க்கும் வேட்டை எஸ்டேட்டின் தலைமை வேட்டைக்காரர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இஷ்பெல், இல்லையென்றால் அவளோடு வேலை பார்த்த லாக்லன். சாசர் அடுப்படியில்தான் இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு திரிந்தவன் அவன். முதலாளி இருவரையும் மலையில் சுடவிட்டுப் பார்க்க நினைத்தார். லாக்லன் முதல் நாளே ஒரு கலைமானை வீழ்த்தினான். நன்றாகவே சுட்டான், இல்லை என்று சொல்ல முடியாது.

மறுநாள் இஷ்பெலின் முறை. முதலாளியின் மழைக்கோட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். ஓடையைத் தாண்டும்போது அவள் கால் வழுக்கியது. துப்பாக்கி பாறையில் இடித்தது. முன்னால் போன முதலாளி கவனிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அரை மணி தவழ்ந்து மேட்டை எட்டிப் பார்த்தால், பெரிய கலைமான் ஒன்று விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. இஷ்பெல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

"கீழ போயிரலாம் ஐயா. ஓடையில துப்பாக்கி இடிச்சிருச்சு. குறி பாக்குற ஸ்கோப் அசைஞ்சிருக்கலாம்."

"நூறு கஜம்கூட இல்லையேம்மா. கதவு மாதிரி நிக்குது. எப்படிச் சுட்டாலும் படும்."

"படும். எங்க படும்னு எனக்குத் தெரியாதே."

திரும்பி இறங்கினோம். பயிற்சித் திடலில் காகிதம் ஒட்டி மூன்று குண்டு சுட்டாள். மூன்றும் நட்டநடுவில். ஸ்கோப் இம்மிகூட அசைந்திருக்கவில்லை.

"அநியாயமா ஒரு மானை விட்டுட்டியே" என்று சிரித்தார் முதலாளி.

"இப்பத்தான ஐயா தெரியுது."

வேலை லாக்லனுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் நான் முதலாளியை வண்டி வண்டியாகத் திட்டினேன். இஷ்பெல் ஓட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வேலை கிடைக்கலேன்னாலும் எனக்குத் தூக்கம் வந்துரும்யா. வயித்துல குண்டோட ஒரு மான் மலையில கிடந்தா வருமா?"

இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக் கூடத்திலும் மான்கொம்பு மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில், அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மூன்று ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். இஷ்பெல் சுடாத மான் என்பேன்.