இறக்கத்தில் அணைத்த என்ஜின்

ஜீப்பானாலும் லாரியானாலும், மறையூர் இறக்கம் வந்ததும் எங்கள் எஸ்டேட் டிரைவர்கள் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவார்கள். எழுபத்து நான்கில் பெட்ரோல் விலை ஏறியபோது அதுவே ஆபீஸ் உத்தரவாகவும் வந்தது. ஜீப் டிரைவரான என் சித்தப்பா சங்கையா, மேனேஜர் துரை புதிதாக வாங்கிய பழைய அமெரிக்காக் காரையும் அப்படித்தான் ஓட்டினார்.

அந்தக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். துரை லீவில் பெங்களூர் போகும்போது சாவியைக் கொடுத்து, பங்களாவுக்கு மறையூர் வெல்லம் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார். சித்தப்பா போனார். இறக்கத்தில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. கரும்பாலைக் கொட்டகையில் பாகு அடிபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். திரும்பி ஏறும்போது என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தார். கீழே கருத்த எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அதே தீய்ந்த வாசனை.

லாரி டிரைவர் சிலுவைராஜ் மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தி, பலகை போட்டுக் காரை ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் இறக்கினார். லயத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். அன்று முதல் சித்தப்பா, கங்காணியின் விசில் கேட்டால்கூடச் சாக்கை இழுத்துக் காரை மூடுவார்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கியர் பெட்டியை இறக்க, தேயிலை பாக்டரியிலிருந்து செயின் பிளாக்கை சிலுவைராஜ் கொண்டுவந்தார். உள்ளே இருந்த வளையங்களைக் கழற்றும் குறடு எங்கும் கிடைக்கவில்லை. சித்தப்பா பழைய குறடு ஒன்றின் மூக்கை அரத்தால் ராவி ஊசியாக்கினார். கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே சித்தியின் முறங்களில் அடுக்கினார்.

"ஜீப்புக்குப் பஞ்சர் ஒட்டுன கையி. இப்ப அமெரிக்காக்காரன் கொடலையில்ல உருவிப் போட்டிருக்கீக" என்றாள் ராமுத்தாய் சித்தி. "திரும்ப உள்ள போகுமா?"

"வாயை மூடு புள்ள. எண்ணிக்கிட்டிருக்கேன்."

எண்ணியும் ஒரு சின்ன இரும்புக் குண்டு குறைந்தது. அது இருக்க வேண்டிய குழி மட்டும் காலியாக இருந்தது. கொட்டகைச் சாணத்தைக்கூடச் சலித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் கருகிப்போயிருந்த தகடுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சித்தப்பா உடுமலை வழியாகப் பாலக்காடு போனார். அங்கே குஞ்சு முகம்மது ராவுத்தர் பழைய கார்களை உடைத்து விற்கும் கடை வைத்திருந்தார். ராவுத்தர் ஒரு தகட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏனுங்க மலைக்காரரே, எஞ்சின நிறுத்திப்போட்டு எறக்கத்துல உருட்டுனீங்களா?"

சித்தப்பா மற்றத் தகடுகளைத் துணியில் திரும்பச் சுற்றினார்.

"எஞ்சின் ஓடுனாத்தானுங்க இதுக்குள்ள எண்ணெய் ஓடும். நிறுத்துனா வறட்டு உருட்டுத்தான். உங்க ஜீப்புன்னு நெனச்சுப்போட்டீங்களாக்கும்!"

உடைத்த கார் ஒன்றிலிருந்து தகடுகளும் ரப்பர் வளையங்களும் எடுத்துக் கொடுத்தார். குண்டு அவரிடமும் இல்லை. சைக்கிள் கடையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். சைக்கிள் கடைக் குண்டு குழியில் உட்கார்ந்தது. சரியான அளவுதானா என்று சொல்ல ஆள் இல்லை. பெட்டியை மூடிய பிறகும் சித்தப்பா அந்தக் குண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

துரை திரும்பி வந்தார். மறுநாளே மறையூர் போக வேண்டும் என்றார். சமதளத்தில் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. இறக்கம் வந்தது.

"சங்கையா, எஞ்சினை நிறுத்து."

சித்தப்பாவின் கை சாவிக்குப் போகவில்லை.

"என்ன, ஆபீஸ் உத்தரவு தெரியாதா?"

அணைத்தால் புதுத் தகடும் கருகும். அணைக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு வளைவு தாண்டும் வரை ஓட்டினார். பிறகு ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வெல்ல வாசனை, மாட்டுக் கொட்டகை, பாலக்காடு, சைக்கிள் குண்டு, எல்லாம்.

துரை திரும்பி, இறங்கி வந்த மேட்டைப் பார்த்தார்.

"திரும்பி ஏறுமா?"

"ஏறுங்கய்யா" என்றார் சித்தப்பா. ஏறுமா என்று அவருக்கே தெரியாது.

"ஏறினா இனிமேலும் நீயே ஓட்டு. ஏறலைன்னா நாளைக்கு லயத்தைக் காலி பண்ணு."

மறையூர் வரை என்ஜினை அணைக்காமலே இறங்கினார்கள். துரையின் வேலை முடிந்து திரும்பி ஏறும்போது, சித்தப்பாவின் காதெல்லாம் கியர் பெட்டியில்தான் இருந்தது. முன்பு நின்றுபோன அதே திருப்பத்தில் கார் ஒரு முறை உதறியது. உள்ளே கியர் மாறியது. கார் ஏறியது.

துரையைப் பங்களாவில் இறக்கிவிட்டு, சித்தப்பா காரைக் கழுவ லயத்தோரம் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தியும் இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன. ராமுத்தாய் சித்தி ஓடிவந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏறிருச்சா?"

அவர் தலையசைத்தார். சித்தி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள்.