எஞ்சின் தண்ணீர் விக்கிய மத்தியானம்

அப்போது பொன்னமராவதி ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆயில் எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் குழாய் வழியே தொட்டியில் விழும். அந்தச் சத்தத்தை வைத்தே எஞ்சின் டிரைவர் காதர் பாய் எஞ்சினின் நிலையைச் சொல்லிவிடுவார். நான் விளையாட்டுக்குக் குழாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தண்ணீரை விக்கவைப்பேன். அவர் பதறி ஓடிவருவார். நான் சிரிப்பேன்.

ஒரு மத்தியானம் தொட்டியோரம் கண் சொக்கிக் கிடந்தேன். ஆவிக்குள்ளே தண்ணீர் விக்கி விக்கி விழுந்தது, கனவில் யாரோ தாளம் போடுகிற மாதிரி. சற்று நேரம் ரசித்தேன். பிறகுதான் உறைத்தது.

"பாய்! தண்ணி விக்குது!"

ஏமாந்து சலித்தவர் எழவே இல்லை. "வெரலை எடுடா, வெளையாட்டுப் பயலே!"

எஞ்சின் சூடேறி இறுகினால் அவர் வேலை போய்விடும். எஞ்சின் அறை வாசலுக்கு ஓடி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். தண்ணீர் அப்போதும் விக்கியது. அவர் முகம் வெளுத்தது. பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து ஒரு கொத்துப் பாசியை உருவினார்.

முதலாளி கத்திக்கொண்டே வந்தார். "யாருய்யா நிப்பாட்டுனது?"

"நாந்தாங்க. இவன் பாத்துச் சொன்னான், எஞ்சின் தப்பிச்சுச்சு."

என் சேட்டை ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வழக்கம்போலச் சிரித்திருப்பேன். இப்படி என்னைக் காப்பாற்றிய மனிதரிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.