கொளுத்தாத மெழுகுவர்த்தி வளைந்தபோது

முகப்பேரில் எங்கள் வீட்டு டிவியோடு இணைத்துப் படம் பார்க்க, என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் தயார் செய்தார். ஹாலில் பெரிய பெட்டி நன்றாக இருக்காது என்று, படுக்கைவாட்டில் வைக்கும் ஒல்லியான கேபினெட்டை, அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியை, நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதன்மேல் லேஸ் துணி விரித்து, மாதா சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெழுகுவர்த்தி தலை சாய்ந்திருப்பதைக் கவனித்தேன்.

"இன்னா மேரி, இத்த கொளுத்தவே இல்லியே?" என்றபடி அவர் துணியைத் தொட்டார். கை சுட்டது. உடனே ஸ்விட்சை அணைத்தோம். சூடு வெளியேற வேண்டிய மேல்பக்கத் துளைகளை என் துணி மொத்தமாக மூடியிருந்தது. நல்லவேளை, எதுவும் தீப்பிடிக்கவில்லை.

"அழகா கீதேன்னு நானும் பாக்காம உட்டுட்டேன்" என்றார்.

மாதாவுக்குச் சுவரில் ஸ்டாண்டு அடித்தோம். காற்றோட்டத்துக்காக முன்பக்கம் வலை வைத்த, கொஞ்சம் பெரிய கேபினெட்டுக்கு மாறினோம். இப்போதெல்லாம் எந்த மின்சாதனம் வாங்கினாலும், காற்று எந்தப் பக்கமாக வெளியேறும் என்று கடையிலேயே கேட்டுவிடுகிறேன்.