ராதோய்காவின் சிவப்பு யூகோ

இலை உதிர ஆரம்பித்தாலே போதும், ராதோய்கா காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வாசலில் நிறுத்திவிடுவாள். அந்த மலையூரில் மற்றவர்களெல்லாம் முதல் பனி விழுந்த பிறகுதான் விழித்துக்கொள்வார்கள். டயர் கடை முன்னால் வரிசையில் நின்று, நிற்கிற நேரமெல்லாம் அரசாங்கத்தைத் திட்டித் தீர்ப்பார்கள். ராதோய்காவுக்கு வரிசையும் பிடிக்காது, வெட்டிப் பேச்சும் பிடிக்காது. நட்டுகளில் ஸ்பேனர் போட்டுக் காலால் மிதித்துத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, குளிர்கால டயர்களைத் தானே மாட்டிவிட்டு, அதே கையோடு போய் அடுப்பில் முட்டைக்கோஸைக் கிளறுவாள்.

இத்தனைக்கும் அவள் ஸ்டீரிங் பிடித்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த சிவப்பு யூகோ காரின் சாவி அவள் புருஷன் ஒப்ரெனின் சட்டைப் பையை விட்டு இறங்கியதே இல்லை. பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் கார் ஓட்டப் பழகட்டுமா என்று கேட்டால், "உனக்கு எதுக்கு அது? நான் இருக்கேன்ல?" என்பான். பிறகு ஒரு மார்ச் மாதம் பக்கவாதம் வந்து அவனுடைய இடது கையையும் இடது காலையும் சாய்த்துவிட்டது. பஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிடும். ஆஸ்பத்திரியோ அதற்கும் அப்பால் டவுனில். ராதோய்கா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே ஓட்டுநர் பள்ளியில் போய் உட்கார்ந்தாள். முதல் பரீட்சையில் ஏற்றத்தில் வண்டி நின்றுபோய்த் தோற்றாள். இரண்டாவதில் ஜெயித்து வீட்டுக்கு வந்தவள், வாசலில் நின்று ஊரே எட்டிப் பார்க்கும்படி ஹாரன் அடித்தாள். நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்.

இந்த வருஷம் வில்லங்கம் மகன் நெபோய்ஷா உருவத்தில் வந்தது. அவன் பெல்கிரேடில் நாலாவது மாடியில் குடியிருப்பவன். பக்கத்து மலையில் ஒரு கார் பள்ளத்தில் உருண்டதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. குளிர்காலத்துக்கு இரண்டு பேரும் தன்னோடு வந்து இருக்க வேண்டும், காரை விற்றுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். போன குளிர்காலம் முழுக்க ஒருநாள் விடாமல் போன் செய்து, பத்திரமாக இருக்கிறார்களா என்று கேட்டவன் அவன். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

"அடுக்குமாடியில நான் என்ன பண்றது? லிஃப்டுக்குக் காவல் இருக்கிறதா?" என்று ஒப்ரென் குமுறினான்.

கடைசியில் ராதோய்காதான் பேரம் பேசினாள். "மழை பெய்யிற நாளாப் பார்த்து வா. உன்னையும் உங்கப்பாவையும் டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்ப வீட்டுல கொண்டுவந்து விடுறேன். நான் ஓட்டுறதுல ஒரு குத்தம் கண்டுபிடிச்சியா, அன்னிக்கே பெட்டி கட்டுறேன். கண்டுபிடிக்கலைன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

நெபோய்ஷா ஒப்புக்கொண்டான். ராதோய்காவுக்குத் தன் மேல் சந்தேகமே இல்லை. அவள் கவலையெல்லாம் பக்கத்து சீட்டைப் பற்றித்தான். ஐந்து வருடமாக ஒப்ரென் அதில் உட்கார்ந்துகொண்டு, நல்ல காலால் தரையை பிரேக் என்று நினைத்து மிதித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு "கியர்! கியரை மாத்துடி!" என்று கத்திக்கொண்டு வருகிறான். ஊருக்கெல்லாம் அவள் ஓட்டுகிறாள் என்று தெரியும். அவன் மட்டும் இன்னும் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

மகன் வந்த சனிக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டு நின்றது. ராதோய்கா காரின் முன்கண்ணாடி அடிவிளிம்பில் அடைத்துக் கிடந்த இலைகளைக் கிள்ளி எடுத்தாள். அதை விட்டால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். கதவு ரப்பர்களுக்கு கிளிசரின் தடவினாள். இல்லாவிட்டால் உறைபனி நாளில் கதவு ஒட்டிக்கொண்டு திறக்காது. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினாள். மகனைப் பின்னால் நிற்கவைத்து எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி கழுவும் தண்ணீர் மட்டும்தான் பாக்கி.

அதற்கு அந்த மலையில் யாரும் கடைக்குப் போவதில்லை. பிளம் பழத்தை ஊறப்போட்டு ரக்கியாச் சாராயம் காய்ச்சும்போது முதலில் சொட்டுவது விஷம், குடித்தால் கண் போய்விடும். அதைத் தனியாகப் பிடித்துவைத்துக்கொண்டு, காய்ச்சலுக்கு நெஞ்சில் தேய்ப்பார்கள், குளிர்காலத்தில் காருக்கு ஊற்றுவார்கள். எந்தக் குளிரிலும் அது உறையாது. நல்ல ரக்கியாவும் அதே மாதிரி வெள்ளை கேனில்தான் பக்கத்திலேயே இருக்கும். முகர்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒப்ரென் வீட்டு நிலவறையில் எந்தக் கேனிலும் எதுவும் எழுதியிருக்காது. "எழுதி ஒட்டுறது மூக்கில்லாதவன் பொழைப்பு" என்பான். சும்மா சொல்லக் கூடாது, அவன் மூக்கு பேர் போன மூக்கு. உள்ளங்கையில் ஒரு சொட்டைத் தேய்த்து முகர்ந்தே எந்தச் சரிவில் காய்த்த பழம் என்று சொல்லிவிடுவான். யார் வீட்டில் காய்ச்சினாலும் முதல் கோப்பை அவனிடம்தான் வரும்.

"அதை நான் ஊத்துறேன். இந்தக் கை என்னத்துக்கு இருக்கு?" என்று அவனே காலை இழுத்துக்கொண்டு நிலவறைக்குப் போய் கேனைத் தூக்கி வந்தான். அவனும் ஒரு வேலைக்கு வந்தானே என்ற சந்தோஷத்தில் ராதோய்கா விட்டுவிட்டாள்.

அவர்கள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ரோடெங்கும் நனைந்த இலை. ராதோய்கா இரண்டாவது கியரிலேயே இறங்கினாள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே இல்லை. "கியர்!" என்றான் ஒப்ரென். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின் சீட்டில் நெபோய்ஷா குற்றம் கண்டுபிடிக்க வழி தெரியாமல் சீட் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஆற்றுப் பாலத்துக்கு முந்தைய வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து, குட்டைத் தண்ணீரை வாரி அடித்தது. கண்ணாடி முழுக்கச் சேறு. ஒன்றுமே தெரியவில்லை. ராதோய்கா பதறவில்லை. ஸ்டீரிங்கை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது, வைப்பர் ஒரே இழுப்பில் துடைத்துப் போட்டது. கார் தன் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது.

கூடவே காருக்குள் வாசனை ஏறியது. பழுத்த பிளம், ஓக் பீப்பாய், லேசாகத் தேன். குடும்பப் புனிதரின் திருநாளுக்கென்று எடுத்துவைத்த ரக்கியா!

"அம்மா! குடிச்சிருக்கியா?" நெபோய்ஷா பாய்ந்து முன்னால் வந்தான்.

"என்னடா உளர்றே?" என்றான் ஒப்ரென்.

அதற்குள் பாலத்தருகே போலீஸ் கை காட்டியது. ஜன்னலுக்குள் தலையை நீட்டிய இளம் போலீஸ்காரன் ஒரு மூச்சு இழுத்தான். "ரொம்ப சந்தோஷமா கிளம்பியிருக்கீங்க போல. ஊதுங்க அத்தை."

ராதோய்கா ஊதினாள். பூஜ்யம். கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினான். மறுபடியும் பூஜ்யம். "மூணாவது தடவை ஊதணும்னா பலூன் கொண்டா தம்பி" என்றாள். வயதான இன்னொரு போலீஸ்காரர் வந்து கண்ணாடியில் விரலைத் தேய்த்து முகர்ந்தார்.

"அட, ஒப்ரென் அண்ணே! இது பந்தியில வைக்கிற சரக்காச்சே. இதைப் போயா கண்ணாடிக்கு ஊத்தினீங்க?"

ஒரு சொட்டு சிந்தினாலே வீட்டை இரண்டாக்குகிற ஒப்ரென் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராதோய்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கையோடு சேர்ந்து மூக்கும் போய்விட்டது. இந்த ஐந்து வருடமும் அக்கம்பக்கத்தார் நீட்டிய கோப்பைகளை முகர்ந்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னிடம்கூடச் சொல்லாமல் இத்தனை நாள் தனியாகத் தவித்திருக்கிறானே!

"நான்தான் கேனை மாத்தி எடுத்துட்டேன்" என்றாள்.

"பாத்தியா? இதைத்தான்மா நான் சொல்றேன்" என்று பிடித்துக்கொண்டான் நெபோய்ஷா. "இன்னிக்குக் கேனு, நாளைக்கு பிரேக்கு. போதும்மா. பெட்டியைக் கட்டு."

வீடும் காரும் கை நழுவிப் போவது ராதோய்காவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லவில்லை.

"டேய், அவளை விடு." ஒப்ரெனின் குரல் கரகரத்தது. "ஊத்தினது நான். எனக்கு வாசனை தெரியலடா. கை போன அன்னிக்கே அதுவும் போச்சு. வெளிய சொல்ல வெக்கம். போதுமா?"

வயதான போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மழைத் தண்ணீரை உதறினார்.

"அவ ஓட்டினதுல என்ன குத்தம் கண்டே, அதைச் சொல்லு" என்றான் ஒப்ரென். "சேறு அடிச்சப்ப உனக்கு ரோடு தெரிஞ்சுதா? எனக்குத் தெரியல. நானா இருந்தா பிரேக்கைப் போட்டு எல்லாரையும் ஆத்துல இறக்கியிருப்பேன்."

நெபோய்ஷா பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

டவுனில் மூன்று பேரும் காபி குடித்தார்கள். திரும்பும்போது மூடுபனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. ராதோய்கா விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஓர வெள்ளைக் கோட்டைப் பிடித்து மெல்ல மலையேறினாள்.

"அம்மா, டயருக்கு மாட்டுற பனிச் சங்கிலி இருக்கா?" பின்னாலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டான் நெபோய்ஷா. "இல்லைன்னா அடுத்த தடவை வரும்போது வாங்கிட்டு வரேன்."

"பழசு இருக்கு. புதுசு வாங்கிக் குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்."

மூன்று வளைவு ஏறிய பிறகுதான் வழியெல்லாம் ஒரு சத்தமும் வரவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். ஒப்ரென் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசல் வந்தது. ராதோய்கா வண்டியை நிறுத்தவில்லை.

"அம்மா, வீடு தாண்டிப் போறியே" என்று கிசுகிசுத்தான் நெபோய்ஷா.

"தெரியும்டா. நான் ஓட்டி இந்த மனுஷன் தூங்குறது இதான் முதல் தடவை. மேல இருக்கிற சர்ச் வரைக்கும் போய்ட்டுத் திரும்பலாம்."