சுக்கு வாங்கப் போன எபனேசர் சார்

எங்கள் மளிகைக் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. சரக்கு தீர்ந்துபோனால் ‘நாளைக்கு வந்துரும்’ என்போம். அதுவும் போணிக்கு முன்னால், அதாவது அன்றைய முதல் வியாபாரம் ஆகுமுன்னால், ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் என் அப்பா அரிசி அளக்கிற படியாலேயே சாத்தியிருப்பார். அப்படி வளர்ந்த இந்தச் செந்தூர்பாண்டியை மூன்று வருஷம் தினமும் காலையில் ‘இல்லை, இல்லை’ என்று சொல்ல வைத்தார் கிருபாபாய் டீச்சர்.

டீச்சரின் வீட்டுக்காரர் எபனேசர் சார். தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அங்கே நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்து, ரிட்டயரானதும் வீட்டு நாற்காலிக்கு மாறிக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘ஏளா கிருபா’ என்று ஒரு குரல்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பிழைத்ததே பெரிய காரியம். தினமும் காலையில் நடந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை என்னிடம் தூக்கி வராதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

சார் நடந்தாரா? ஒரே ஒரு நாள் நடந்தார். சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற மாதிரி தெருவில் இறங்கினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் ‘எங்க சார்?’ என்று கேட்டார்கள். நம்ம ஊரில் அது கேள்வியா? ஒரு மரியாதை. ஆனால் சாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெருமுனை வருமுன்னே திரும்பிவிட்டார். “ஒரு சோலியும் இல்லாம தெருவுல அலையதுக்கு நான் என்ன கோட்டிக்காரனா?” என்று அவர் வீட்டில் போட்ட சத்தம் என் கல்லாப்பெட்டி வரைக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் டீச்சர் கடைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, நாளைக்கு அவுகள சுக்கு வாங்க அனுப்புதேன். நீங்க இல்லன்னு சொல்லணும்.”

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “என்ன டீச்சர், நல்லாருக்கா? காலங்காத்தால என் வாயால இல்லன்னு சொல்லச் சொல்லுதிய! வேணும்னா நாளைக்கு வரும்னு சொல்லுதேன்.”

“அப்படிச் சொன்னா வீட்டுக்கு வந்து உக்காந்துருவாக. இல்லன்னு சொன்னாத்தான் அடுத்த கடைக்குப் போவாக. மார்க்கெட் முக்குல வெள்ளத்துரை அண்ணாச்சிட்டயும் சொல்லிட்டேன், அவுகளும் இல்லம்பாக. கடேசில பீச் ரோட்டுக் கடைல வாங்கிட்டு வரட்டும். போக வர நடையாச்சுல்லா?” பேசிக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. “மகளையும் கட்டிக்கொடுத்தாச்சு, எனக்கு அவுகள விட்டா யாரு இருக்கா அண்ணாச்சி?”

“அதெல்லாம் சரி, என் போணி?” என்றேன். வியாபாரி புத்தி போகுமா?

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டார். விடிந்து நான் கடைப் பலகையை எடுக்கும்போதே வந்து நிற்பார். ஒரு தீப்பெட்டி வாங்குவார், காசை என் கையில் வைப்பார், பெட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுவார். கொஞ்ச நேரத்தில் சார் பையோடு வருவார். ஒரு நாள் சுக்கு, ஒரு நாள் கடுகு, ஒரு நாள் பனங்கற்கண்டு. எதைக் கேட்டாலும் நான் ‘இல்லை’ என்பேன். பனங்கற்கண்டு மூட்டையோ வாசலிலேயே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

“அந்தா இருக்கே?” என்றார் ஒரு நாள்.

“அது கல்யாண வீட்டுக்கு எடுத்து வச்சது சார்.”

“என்ன கடை வச்சு நடத்துதீரோ” என்று திட்டிக்கொண்டே நடந்தார். இப்போது ‘எங்க சார்?’ என்று கேட்டவர்களுக்கு, ‘வீட்ல பனங்கற்கண்டு வாங்கிட்டு வரச் சொன்னா’ என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார். தொந்தி வற்றியது. மூச்சு வாங்குவது நின்றது. எனக்குத்தான் கெட்ட பெயர். செந்தூர்பாண்டி கடையில் ஒரு சாமானும் கிடைக்காது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போகட்டும், மனுஷன் நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

எழுபத்தாறு ஐப்பசி மழையில் டீச்சருக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு, அந்தக் காய்ச்சலோடும் தீப்பெட்டி வாங்க வந்தார். “போய்ப் படுங்க டீச்சர்” என்று சத்தம் போட்டேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முற்றிவிட்டது. ஒரு வாரத்தில் போய்விட்டார். பாவி மகள், புருஷன் உடம்பைப் பார்த்துப் பார்த்துத் தன் உடம்பை விட்டுவிட்டார்.

அடக்கத்தன்று வண்டியில் ஏறச் சொன்னதற்குச் சார் கேட்கவில்லை. பெட்டிக்குப் பின்னாலேயே கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்து வந்தார். மூச்சு வாங்கவில்லை, எங்கும் உட்காரவில்லை. அந்தத் தெம்பு டீச்சர் கொடுத்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மறுபடியும் நாற்காலிதான். சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஞானபாய் வந்து கூட இருந்தாள். நாலு எட்டு நடங்கப்பா என்று கெஞ்சிப் பார்த்தாள். அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. “இப்படியே விட்டா அப்பாவும் அம்மா பின்னாலயே போயிருவாக அண்ணாச்சி” என்று என்னிடம் வந்து அழுதாள். நானே போய்க் கூப்பிட்டேன்.

“யாருக்காக நடக்கணும்வே?” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை. நான் பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சார் பையோடு நின்றார்.

“ஒரு தீப்பெட்டி குடும்.”

அவருக்குப் பீடி, சிகரெட் எந்தப் பழக்கமும் கிடையாது. ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தேன். காசை என் கையில் வைத்தார்.

“போணி ஆயிட்டுல்லா?”

“ஆயிட்டு சார்.”

“சுக்கு இருக்கா?”

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த நிலையில் இந்த மனுஷனை அலைய விடுவதா? டப்பாவை எடுத்துத் திறந்தேன். “இருக்கு சார், எவ்வளவு வேணும்?”

“அட என்னவே நீரு! இல்லன்னு சொல்லும்.”

“என்ன சார் சொல்லுதிய?” என்றேன்.

“வீடு பூரா தீப்பெட்டியா கெடக்கு, எனக்குத் தெரியாதாவே? மொத வாரமே தெரியும். அவ சந்தோசப்படுதாளேன்னுதான் நடந்தேன். ஆஸ்பத்திரில கடேசியா என்ட்ட என்ன சொன்னா தெரியுமா? ‘வீட்ல சுக்கு தீந்துட்டு, நாளைக்கு வாங்கணும், மறந்துராதிய’ன்னா. இன்னும் வாங்கலவே.” தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டப்பாவை மூடினேன். “சுக்கு இல்ல சார்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

“என்ன கடை வச்சு நடத்துதீரோ” என்று தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தார். கால் தளர்ந்திருந்தது, மெதுவாகத்தான் போனார். தெருமுனையில் யாரோ கேட்டார்கள், “எங்க சார், ரொம்ப நாளாக் காணோம்?”

“வீட்ல சுக்கு வாங்கிட்டு வரச் சொன்னா” என்றார்.